நாரைக்கால் குறி

கோட்டை பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து நிற்கிறார்கள்.
நான் சுவரில் கன்னம் பதித்து
கைவிளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறேன்.
பக்கவாட்டு வெளிச்சத்துக்குத்தான்
கல் வாய் திறக்கும்.

மொர்வாலூன்.
ஆறு வளையும் இடத்தில், சுண்ணாம்புப் பாறைமேல்
பாதி கோபுரம்.
அடிச்சுவர் பதினோரு அடி கனம்.
சதுரமாய்க் கட்டினால் மூலையைக் குடைந்து சாய்ப்பார்கள்,
அதனால் வட்டம்;
எங்கோ எவனோ தோற்றுக் கற்ற பாடம்.
அம்புப்புழை வெளியே விரலளவு,
உள்ளே ஓர் ஆள் நிற்கும் அகலம்.
பயத்துக்குப் புனலின் வடிவம் என்று
அங்கே குனிந்தபோது தெரிந்தது.

சுருள்படி வலஞ்சுழியாக ஏறுகிறது.
மேலிருப்பவன் வாள்வீசத் தோதாம், வழிகாட்டி சொல்வார்.
இருக்கலாம்.
எனக்கு அது கொத்தர்களின் வருகைப்பதிவேடு.

கல்லுக்குக் கல் கூலி வாங்கியவர்கள்.
எழுதத் தெரியாது, ஆளுக்கொரு குறி:
பிறை, கத்தரி, சாய்ந்த ஏணி.
ஈரமணலில் நாரை கால்வைத்தாற்போல் மூன்று கீறல்,
அது கெரிக்.

பெயரைத் தந்தது ஆட்டுத்தோல் கணக்குச் சுருள்.
சுண்ணாம்பு இத்தனை வண்டி, எருதுக்கு வைக்கோல்,
உளி தீட்டிய கொல்லனுக்கு இவ்வளவு, பிறகு:
'கெரிக், சாரத்திலிருந்து விழுந்தான்.
மனைவி ஹெர்சாந்துக்கு எட்டுக் காசு.
அறுந்த கயிற்றுக்கு இரண்டு காசு பிடித்தம்.'

ஐம்பத்திரண்டாம் படியோடு நாரை நின்றுவிடுகிறது.
விளக்கை அணைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்திருந்தேன்.
கீழே ஏணியைப் பிடித்திருந்த ஓடில்
'என்ன ஆயிற்று' என்று கேட்டாள்.
'ஒன்றுமில்லை, கயிறு' என்றேன்.

அறுபத்தோராம் படியில் மறுபடி நாரை.

ஆனால் விரல்கள் தலைகீழ்.
அதற்கு மேல் ஒன்று, கோடரிவெட்டுப்போல் ஆழம்.
ஒன்று, திருடுகிறவன் கீறியதுபோல் லேசு.
ஒன்றில் நாலு விரல்.
எதுவும் கெரிக்கின் கை இல்லை.
எண்ணிக்கையைச் சரிபார்த்தேன்.
வாரம் முப்பது கல் செதுக்கிய பிறைக்காரன்
அந்த வசந்தத்திலிருந்து இருபத்தாறு.
கத்தரிக்கு மூன்று குறைவு. ஏணிக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

குறைந்த கல்லெல்லாம்
இறந்தவன் கணக்கில் ஏறியிருந்தது.

கணக்கனுக்குத் தெரியாமலா?
சாவை எழுதிய அதே கை, அதே மங்கிய மை,
சனிக்கிழமைதோறும், நான்கு வருடம்:
'கெரிக், பதினேழு கல். கூலி ஹெர்சாந்திடம்.'
ஓர் எழுத்தும் நடுங்கவில்லை.
பிரபு ஆர்ஷம்போ கண்டாரா என்ன,
அவர் ஞாயில்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

முற்றுகை ஒரே ஒருமுறைதான் வந்தது.
ஒன்பதாம் நாள் கிணறு கலங்கி
கதவைத் தாங்களே திறந்துவிட்டார்கள்.
பதினோரு அடிச் சுவரில் ஒரு கீறலும் இல்லை.
பல தலைமுறை கழித்து
பாரிஸிலிருந்து இடிக்கச்சொல்லி ஓலை;
வெடிமருந்து பாதியைத் தின்றது,
மீதியை ஊரார் வண்டியில் ஏற்றினார்கள்.

அதனால் என் வேலை கோட்டையோடு முடிவதில்லை.
ரொட்டி அடுப்புகள், பாலத்தின் தூண்,
நேற்று ழிஸ்லேனின் பன்றித்தொழுவம்.
வாசல் நிலைக்கு மேலே, சாணம் தெறித்த கல்லில்
நாலு விரல் நாரை.
'யார் போட்டது?' என்றாள், வாளியை இறக்கிவைத்து.

என் படிவத்தில் ஒரு கட்டம்:
குறிக்கு உரியவர்.
ஒரே ஒரு பெயர்தான் கொள்ளும்.
பன்றி என் காலணியை முகர்ந்துகொண்டிருந்தது.
பிறைக்காரனா, கத்தரியா, யாருடைய கை,
நான் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

கெரிக் என்று எழுதினேன்.
கல், ஒன்று.